இடது கைச் சுண்டுவிரல்

பெண் பார்க்க வந்தவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்தார்களா என்று கேட்டால் அவளுக்கே சந்தேகம்தான். வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "இடது கையைக் கொஞ்சம் காட்டும்மா." அவள் நீட்டினாள். சுண்டுவிரல் நகம் விரலைத் தாண்டி நீளமாக வளர்ந்து, நுனி லேசாக வளைந்து, சுத்தமாக இருந்தது. அவர் அதைத் தொட்டார், தட்டினார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறவர்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். பிறகு வாயெல்லாம் பல்லாக, "எங்களுக்குச் சம்மதம்" என்றார். மாப்பிள்ளைக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணிடம் கேட்கிற பேச்சே இல்லை.

அப்படி என்ன அந்த நகத்தில் என்றால், முடிச்சுத் துணி வேலைக்கு அதுதான் கருவி. மெல்லிய பட்டுத் துணியை நாலாக மடித்து, தண்ணீர் பட்டால் போய்விடுகிற நிறத்தில் புள்ளி புள்ளியாக அச்சு வைத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு புள்ளியையும் அடியிலிருந்து நகத்தால் தூக்க வேண்டும். கடுகளவு துணி மேலே எழும்பியதும் வலது கையால் நூலைச் சுற்றி இறுக்கி, நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். நூல் கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. முதலில் கட்டியது வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மஞ்சளில் முக்கிய பிறகு கட்டியது மஞ்சளாக நிற்கும். அப்புறம் சிவப்பு, கடைசியாகக் கறுப்பு. ஒரு சால்வையை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். எல்லாம் காய்ந்ததும் இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழ்ந்து, உள்ளேயிருந்து புள்ளிக்கூட்டம் வெளியே வரும். வாங்க வந்தவர்களின் கண் முன்னால்தான் இதைச் செய்வார்கள். இழுக்கிறவருக்குத்தான் பாராட்டெல்லாம். கட்டியவள் உள்ளறையில் அடுத்த துணியோடு குனிந்திருப்பாள்.

பிறந்த ஊரில் வீட்டுக்கு வீடு பெண்பிள்ளைகளுக்கு நகம் உண்டு. அங்கே நடந்தது முரட்டுப் பருத்தி வேலை. ஒருத்தியின் நகம் முறிந்தால் தங்கை உட்காருவாள், யாரும் கவலைப்பட மாட்டார்கள். புகுந்த வீட்டில் கதை வேறு. அங்கே பட்டு. அந்த ஊரில் முடிச்சுப் பட்டு செய்கிற வீடு அது ஒன்றுதான். முன்பு கட்டிக்கொண்டிருந்த மாமியார் கண்ணை மூடிவிட, வீட்டில் நகம் இல்லாமல் போயிற்று. அதனால் நகம் தேடினார்கள். நகத்தோடு ஒரு பெண்ணும் வந்தாள்.

வந்தவளை ராணி மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று தெருவே சொன்னது. பாத்திரம் தேய்க்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. அடுப்படிப் பக்கமும் சாயத்தொட்டி இருக்கிற பின்கட்டுப் பக்கமும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. சோப்புப் பட்டால் நகம் வறண்டு வெடிக்கும், வெந்நீர் பட்டால் இளகி மடங்கும். காலையில் வெதுவெதுப்பான எண்ணெயில் விரலை ஊறவைத்து, படுக்கும்போது துணி சுற்றிக்கொண்டு படுப்பாள். "கொடுத்து வச்சவ" என்றார்கள் தெருப் பெண்கள், தங்கள் வெடித்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு. பிறந்த வீட்டில் நகத்தையும் பார்த்து மாட்டையும் பார்த்து வளர்ந்தவளுக்கும் முதலில் அது சுகமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வீட்டு வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டவள் நாத்தனார். கணவனுக்கு அக்கா. பிள்ளை பிறக்கவில்லை என்று கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். சமையல், தண்ணீர், துவையல், சாயத்தொட்டிக்கு விறகு எல்லாம் அவள்தான். கணவன் சாயக்காரன். பின்கட்டில் தொட்டிகளோடு அவன் பாடு. முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஏறியிருக்கும். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்த புதிதில் ஒருநாள், தொட்டிலிலிருந்து தூக்கும்போது நகம் குழந்தையின் கன்னத்தில் கீறிவிட்டது. கண்ணுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. குழந்தை வீரிட்டு அழ, நாத்தனார் அடுப்படியிலிருந்தும் கணவன் பின்கட்டிலிருந்தும் ஓடிவந்தார்கள். நாத்தனார் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். கணவன் கன்னத்தைப் பார்த்தான். பிறகு மனைவியின் இடது கையைப் பிடித்து விரலைப் பார்த்தான்.

"நகத்துக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றான்.

"இல்ல" என்றாள் அவள்.

"இனிமே பிள்ளைய அக்கா பார்த்துக்கட்டும். கண்ணுல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு எந்தத் தாய் பதில் சொல்வாள்? அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

அதன்பின் குழந்தைக்குப் பசித்தால் நாத்தனார் தூக்கிக்கொண்டு வருவாள். அவள் கட்டிக்கொண்டிருக்கும் துணியை மடியிலிருந்து ஒதுக்குவாள். நாத்தனாரே குழந்தையை இரண்டு கையாலும் தாங்கி மார்பில் பொருத்துவாள். பெற்றவள் தன் இடது கையைப் பக்கவாட்டில் தள்ளி, ஜன்னல் விளிம்பின் மேல் வைத்துக்கொள்வாள். பால் அவளுடையது, பிடிக்கிற கை இன்னொருத்தியுடையது. பால் குடித்து முடிந்ததும் குழந்தை போய்விடும். குளிப்பாட்டுகிற சத்தம் பின்கட்டிலிருந்து கேட்கும், சிரிக்கிற சத்தம் கேட்கும். அவள் அடுத்த புள்ளியைத் தூக்குவாள். புள்ளிக்குப் பஞ்சமே இல்லாத வீடு அது.

குழந்தைக்குப் பேச்சு வந்தபோது நாத்தனாரைப் பார்த்து "அம்மா" என்றது. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். "அத்தைடி, அத்தைன்னு சொல்லு" என்று நாத்தனாரே திருத்தினாள். பல நாள் திருத்தினாள். குழந்தை கேட்கிறதா? அப்படியானால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவளை என்னவென்று கூப்பிடுவது என்று அதற்கும் ஒரு குழப்பம் இருந்திருக்கும். ஒருநாள் தானாகவே ஒரு பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது. "நகம்மா." அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டுக் குனிந்தபோது புள்ளிகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைக்க வலது கையைத்தான் எடுத்தாள், இடது கையை எடுக்க அப்போதும் தோன்றவில்லை.

நாத்தனாரைத் திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் இடமில்லை. பிள்ளையில்லாதவள் என்று ஒரு வீடே துப்பிய பெண்ணின் மடியில் ஒரு குழந்தையைத் தூக்கிப் போட்டால் அவள் என்ன செய்வாள்? கட்டிக்கொள்வாள். அவள் திருடவில்லை, கொடுத்தார்கள். குழந்தைக்குச் சளி பிடித்தால் இரவெல்லாம் தோளில் போட்டு நடந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றால் போனவள் அவள். இரண்டு பேரும் நகமும் சதையும் போல என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இந்த மொழியில் வேறு உவமை அகப்படவில்லையா என்று பெற்றவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பெண் வளர்ந்து, தாவணி... தாவணி என்ன, எது போட்டாலும் அழகாக இருக்கிற வயதுக்கு வந்தாள். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பன் அவளுடைய இடது கையைப் பார்த்தான். சுண்டுவிரல் நீளமாக, நகம் அகலமாக இருந்தது.

"அதை வெட்டாத. வளரட்டும்" என்றான்.

பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. இனி பாத்திரம் கிடையாது, துவையல் கிடையாது. நாத்தனார் தன் கையாலேயே எண்ணெய் காய்ச்சி விரலை ஊறவைத்தாள், துணி சுற்றிவிட்டாள். தெருவில் போகிற தோழிகளுக்கெல்லாம் பெண் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கும் ஒரு வீடு பார்ப்பார்கள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இவளுக்கும் ஒரு குழந்தை பிறக்கும். அதை வேறு யாரோ தூக்குவார்கள். தனக்கு நடந்தது போகட்டும், இவளுக்கு அது நடக்கக் கூடாது. அவளுக்கு வேறு ஆசை ஒன்றும் மிச்சமில்லை, இது ஒன்றுதான். மூடிய வாயைத் திறந்து கணவனிடம் சொன்னாள்.

"என்னங்க, அவளுக்கு நகம் வேண்டாம். படிக்கட்டும், வேற எதாவது செய்யட்டும்."

கணவன் நிஜமாகவே திகைத்தான். "ஏன்? உனக்கு இந்த வீட்ல என்ன குறை வச்சேன்? ஒரு டம்ளர் கழுவியிருப்பியா இத்தன வருஷத்துல?"

நாத்தனாரிடம் போனாள். "அக்கா, நீங்க சொன்னா அவ கேப்பா."

"நல்லதுதானம்மா? நான் பட்ட பாடு அவ படணுமா? என் கையப் பாரு" என்றாள் நாத்தனார். பார்த்தாள். கரிபிடித்து, காய்த்து, விரலெல்லாம் தழும்பு. அந்தக் கைகளோடு தன் கையை மாற்றிக்கொள்ள அவள் எப்போதும் தயாராக இருந்தாள் என்று சொன்னால் நாத்தனார் நம்பவா போகிறாள்?

ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து பெண் பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கை பாய்க்கு வெளியே கிடந்தது. நாத்தனார் பின்கட்டில் இருந்தாள். பெற்றவள் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளுடைய விரலை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. துணிச்சுற்றைப் பிரித்தாள். சதையோடு ஒட்ட வெட்டினாள்.

நறுக்கென்ற சத்தத்தில் பெண் விழித்துக்கொண்டாள். விரலைப் பார்த்தாள், கத்தரியைப் பார்த்தாள். அழவில்லை. எழுந்து "அம்மா" என்று கூவிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டபின்தான் அழுகை வந்தது.

"உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றாள் அவள், பின்கட்டு வாசற்படியில் நின்று.

"எனக்கு எது நல்லதுன்னு அம்மாவுக்குத் தெரியும். உனக்கு வயசாச்சு. என் நகம் நல்லா வந்துச்சு. உனக்குப் பொறாமை" என்றாள் மகள்.

பொறாமை. கணவன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நாத்தனார் முந்தானையால் பெண்ணின் முகத்தைத் துடைத்தாள். அந்த ஒரு வார்த்தை வீட்டில் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. முடிச்சுக் கட்டுகிறவள் இன்னொருத்தியின் நகத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவது உலகத்தில் நடக்காததா? இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, திடீரென்று முழுக்கதையையும் எங்கிருந்து தொடங்குவது? அவளுக்குத் தெரியவில்லை. நூலைக் கட்டத் தெரிந்த அளவுக்குப் பேசத் தெரியவில்லை.

நகம்தானே, திரும்ப வளர்ந்தது. மகளும் கட்ட உட்கார்ந்தாள், அறையின் மறுமூலையில், இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கத்தரியை இடுப்பில் செருகிவைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

இவளுடைய நகம் பிறகு ஒரு கோடைகாலத்தில் நடுவில் பிளந்தது. பிளவு சதை வரைக்கும் போய்ச் சீழ் வைத்து, விரல் வீங்கி, டாக்டர் நகத்தையே பிடுங்கிப் போட்டார். மறுபடி வந்தது தடித்து, கோணலாக, மரப்பட்டை மாதிரி. பட்டுக்கு ஆகாது. அதுவரை எண்ணெய்க் கிண்ணம் இருந்த இடத்துக்குச் சோப்புக்கட்டி வந்தது. ஒருநாள் காலை அவளாகவே போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள், யாரும் தடுக்கவும் இல்லை.

மகளைக் கேட்டு வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் இல்லை, ஒரு பகல் பஸ்ஸில் போகிற தூரம். அங்கே தெரு முழுக்க முடிச்சு வேலை. கல்யாணம் முடிந்து கிளம்பும்போது மகள் நாத்தனாரின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். இவளிடம் "வர்றேன்" என்றாள். முன்பாவது நகம்மா என்பாள். நகம் போனபிறகு இவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது நாத்தனாருக்குக் காய்ச்சல். எழுந்து நடக்க முடியவில்லை. "நீ முன்னால போம்மா. நான் உடம்பு தேறினதும் நாளைக்கோ மறுநாளோ வந்துடறேன். பிள்ளை தனியா கிடக்கும்" என்றாள். பிள்ளை என்று அவள் சொன்னது மகளை. இவள் கஞ்சி வைத்துக்கொடுத்து, போர்த்திவிட்டு, கவலையோடு தலையாட்டினாள். உள்ளுக்குள் காய்ச்சலுக்கு நன்றி சொன்னாள். அப்படி நினைத்தது தப்பு என்றும் தெரியும், நினைப்பை நிறுத்தவும் முடியவில்லை.

பஸ்ஸில் துணிப்பையைக் கைகளில் குறுக்கே கிடத்திப் பார்த்தாள். இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் கால். நகம் இல்லை. கை வெறுங்கை. இனி யாரும் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்க்க, பையைக் கீழே வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி எடுத்துக்கொண்டாள்.

மகளுடைய வீடு இரண்டு அறையும் ஒரு முற்றமும். குழந்தை துணித்தொட்டிலில் தூங்கியது. மருமகன் துணி கொடுக்கப் போயிருந்தான். மகள் சுவரில் சாய்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். "வா, உக்காரு. அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்றாள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதுதான் இவள் அந்தக் கையைப் பார்த்தாள். சுண்டுவிரலில் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. விரல் நுனியில் பித்தளையில் ஒரு சின்ன உறை, முனை வளைந்து.

"இது என்ன?"

"இதுவா? இங்க எல்லாரும் இதைத்தான் போட்டுக்கறாங்க. வேலை முடிஞ்சா கழட்டி வச்சுடலாம்."

"பட்டு கிழியாதா?"

"முனையைத் தேய்ச்சு மழுப்பிட்டா கிழியாது. கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்ளோதான்" என்றாள் மகள். பிறகு ஞாபகம் வந்தவள் போல, "நம்ம வீட்லயும் ஒண்ணு இருந்துச்சே, அப்பாவோட அச்சுப் பெட்டியில. சின்ன வயசுல வச்சு விளையாடியிருக்கேன். அப்பாகிட்ட கேட்டப்போ, அதுல வேலை ஓடாதுன்னாரு. நீ பாத்ததில்லையா?"

அவள் பார்த்ததில்லை. அச்சுப் பெட்டி பின்கட்டில் இருந்தது, நகம் இருந்தவரை அவள் பின்கட்டுக்குப் போகக் கூடாது. கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் எல்லாம். டம்ளரைக் கீழே வைத்தாள். கணவனைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் அதே திகைத்த முகத்தோடு பார்ப்பான் என்றும் தோன்றியது.

குழந்தை விழித்து அழுதது. மகள் உறையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டாள், அவ்வளவு சுலபமாக. முற்றத்தில் சிவப்புத் தொட்டியில் ஒரு துணி ஊறிக்கொண்டிருந்தது. அதிகம் ஊறினால் நூலுக்கு அடியில் சாயம் புகுந்து புள்ளியெல்லாம் கரைந்துவிடும். மகள் தொட்டியைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"உனக்குப் பிள்ளை தூக்கத் தெரியுமா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. புதிதாக வந்த ஒரு ஆளிடம் கேட்பதைப் போல, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள்.

"கொடு" என்று இவள் இரண்டு கையையும் நீட்டினாள். மகள் வைத்தாள். குழந்தை பஸ்ஸில் வந்த பை மாதிரி இல்லை. நெளிந்தது, வழுகியது, சூடாக இருந்தது. வலது கை இறுக்கிப் பிடித்தது. இடது கை, யாரும் சொல்லாமலே, குழந்தையை விட்டு விலகிப் பக்கவாட்டில் போயிற்று. அவள் அதைக் கவனிப்பதற்குள் தலை பின்பக்கம் தொங்கிவிட்டது.

மகள் பாய்ந்து தலையைத் தாங்கி வாங்கிக்கொண்டாள். குழந்தை வீரிட்டது. "கழுத்தைப் பிடிக்கணும்" என்றாள், பதறிய குரலைச் சட்டென்று அடக்கிக்கொண்டு. "பரவாயில்ல, விடு. நாளைக்கு அம்மா வந்துடுவாங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் 'பரவாயில்ல'தான் அவளைக் கொன்றது.

"நீ பிள்ளையப் பாத்துக்க. துணிய நான் எடுக்கறேன்" என்றாள்.

முற்றத்துக்குப் போய்த் தொட்டியில் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டு, துணியைத் தூக்கினாள். கனமாக இருந்தது. சுருட்டிப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். உள்ளே குழந்தையின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மகள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். நாத்தனார் முனகுகிற பாட்டு.

"சாயம் சரியாப் பிடிச்சிருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பிடிச்சிருக்கு" என்றாள் அவள்.

"நல்லவேளை, நீ வந்த" என்றாள் மகள்.